கிராம நிலமும் குமரப்பாவும்

கரியமில வாயுவைப் பெருக்காமல் கிராமங்களை அபிவிருத்தி செய்வது எங்ஙனம் என்பது இன்று உலகெங்கும் ஆராயப்பட்டு வரும் பிரச்னை. 2070-ம் வருஷத்துக்குள் இவ்வாயுவின் நிகர வெளியீட்டைப் பூஜ்யமாக்குவதாக 2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில் நமது தேசம் உலகத்தார் முன்னிலையில் வாக்களித்திருக்கிறது. வாக்களித்தது தலைநகரத்தார், நிலமோ கிராமங்களில் இருக்கிறது. எந்த நிலத்தில் எதைப் பயிரிடுவது, எதை மேய்ச்சலுக்கு விடுவது, எங்கே மரம் வளர்ப்பது, எந்தத் தாழ்வை நீருக்கென்று ஒதுக்குவது என்பவற்றை ஒழுங்குபடுத்தாமல் இவ்வாக்கைக் காப்பாற்ற முடியாது. இதற்கு வழிகாட்டிகளை மேல்நாடுகளில் தேடுவோர் நம்மில் பலர். தஞ்சாவூரில் பிறந்த ஒரு கணக்கர் எண்பது வருஷங்களுக்கு முன்பே இவ்விஷயத்தை அவுன்ஸ் கணக்கிலும் ஏக்கர் கணக்கிலும் எழுதிவைத்துப் போனார். ஜே. சி. குமரப்பா என்ற அவர் பெயரைத் தமிழர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர் போட்ட கணக்கைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

1892-ம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் சர்க்கார் மராமத்து இலாகா உத்தியோகஸ்தர். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். செல்லத்துரை லண்டனுக்குச் சென்று கணக்குப் பரிசோதனைத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். யுத்தம் முடிந்தபின் 1919-ல் தாயாரின் விருப்பத்துக்கிணங்கத் தாயகம் திரும்பிப் பம்பாயில் அத்தொழிலையே நடத்தினார். நல்ல வருமானம், உடை, உணவு, பழக்கம் யாவும் வெள்ளைக்காரப் பாணி. 1927-ல் அமெரிக்காவுக்குப் போய் ஸிரக்யூஸ் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகப் பட்டம் பெற்று, பிறகு நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் பேராசிரியர் ஸெலிக்மனிடம் பொது நிதி சாஸ்திரம் பயின்றார். அங்கே ஒரு மாதாகோவிலில் இந்தியாவின் வறுமைக்குக் காரணம் என்னவென்று அவர் பேசியது பத்திரிகையில் வெளியாயிற்று. அதைக் கண்ட ஆசிரியர் அப்பொருளையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி யோசனை சொன்னார். நம் வறுமைக்கு விதியையும் ஜனப் பெருக்கத்தையும் காரணம் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், வரி வாங்கும் முறையிலும் வாங்கிய பணத்தைச் செலவிடும் முறையிலுமே காரணம் இருக்கிறதென்று புள்ளிகள் அவருக்கு எடுத்துக் காட்டின. கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குமரப்பா என்ற பழைய குடும்பப் பெயரை அவர் ஏற்றது இக்காலத்தை அடுத்துத்தான். இளைய சகோதரர் பாரதனும் அவ்வாறே செய்தார்.

1929-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி ஸபர்மதி ஆசிரமத்தில் மகாத்மா காந்தியைக் கண்டார். மரத்தடியில் சாணமிட்ட தரையில் ஒரு கிழவர் நூற்றுக்கொண்டிருக்க, ஐரோப்பிய உடையில் வந்தவர் கைத்தடியை ஊன்றியபடி சற்று நேரம் வேடிக்கை பார்த்தார் என்பதும், அவர்தாம் காந்தி என்று அறிந்ததும் உயர்ந்த கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார் என்பதும் பலரும் சொல்லும் கதை. மகாத்மா அவருடைய ஆராய்ச்சியை யங் இந்தியா பத்திரிகையில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்டதோடு, வேறொரு வேலையும் கொடுத்தார். குஜராத்தில் ஒரு தாலுகாவின் கிராமங்களை வீடு வீடாக ஆராய்ந்து கணக்கெடுக்க வேண்டும் என்பதே அது. குஜராத்தி பாஷை தெரியாத ஒரு தமிழர் குஜராத் கிராமங்களில் என்ன செய்துவிடுவார் என்று சிலர் ஐயுற்றனர். குமரப்பா வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு கேடா ஜில்லா மாதர் தாலுகாவில் 54 கிராமங்களைச் சுற்றி வந்தார்.

இந்த ஆராய்ச்சியை நாம் முக்கியமாகக் கருதுகிறோம். கிராமத்தைத் திட்டமிட விரும்புகிறவன் முதலில் அக்கிராமத்தின் வரவு செலவை அறிய வேண்டும் என்ற எளிய நியாயத்தை இந்நாட்டில் நடைமுறையில் காட்டிய ஆரம்ப முயற்சிகளுள் இது ஒன்று. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு நிலம், அந்நிலத்தில் எவ்வளவு விளைச்சல், விதைக்கும் மாட்டுக்கும் வரிக்கும் வட்டிக்கும் எவ்வளவு போயிற்று, உண்ண எவ்வளவு மிஞ்சிற்று என்று அவர் கேட்டார். நிலவரி நியாயமானதா என்று தீர்மானிக்கும் உரிமை சர்க்கார் அதிகாரிகளுக்கு மட்டுமே உண்டென்றிருந்த நாளில், குடியானவன் பக்கத்திலிருந்து ஒரு கணக்குப் பரிசோதகர் ஏட்டைத் திறந்தார் எனலாம். அறிக்கை 1931-ல் வெளிவந்தது. அதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் வந்து, மகாத்மா சிறையிலிருந்தபோது யங் இந்தியாவை நடத்திய குற்றத்துக்காகக் குமரப்பாவும் சிறை சென்றார்.

கணக்கு விஷயத்தில் அவருடைய கண்டிப்பு பிரசித்தமானது. 1934-ம் வருஷம் ஜனவரியில் பீஹாரில் நிகழ்ந்த பூகம்பத்துக்குப் பின் ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரண நிதிக்கு அவர் பொறுப்பேற்றார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுச் செலவு மூன்றணா என்று விதித்தார். மகாத்மாவின் பரிவாரம் வந்தபோது அவர்களுடைய செலவை நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார் என்பர். மகாத்மா கோபிக்கவில்லை. அதே வருஷக் கடைசியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பை அவர் ஒப்படைத்ததும் இந்த மனிதரிடந்தான்.

வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் சங்கம் வேலை செய்தது. செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ, காகிதம், சோப்பு, வெல்லம் என்று அங்கே நடந்தவற்றைப் பழமைப் பித்து என்று கேலி செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கேலிக்கு இடம் கொடாத ஓர் உதாரணம் சொல்கிறோம். கிராமத்தான் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினான். மண்ணெண்ணெய் கப்பலேறி வந்தது. அதை வாங்கத் தானியத்தை விற்றான். தன் நிலத்தில் விளையும் வித்துக்களின் எண்ணெயைக் கொண்டு பிரகாசமாக எரியக்கூடிய விளக்கொன்றை மகன்வாடியில் செய்தார்கள். மகன் தீபம் என்று அதற்குப் பெயர். விளக்கு சிறிது, அதன் பின்னால் இருந்த எண்ணம் சிறிதன்று. பூமிக்கடியில் கிடக்கும் நிலக்கரி, பெட்ரோல் முதலியவை முன்னோர் சேர்த்துவைத்த இருப்பு. எடுக்க எடுக்கக் குறையும். குறையக் குறைய அதைக் கைப்பற்றச் சண்டை மூளும். வெயில், மழை, காற்று, காடு, கால்நடை ஆகியவற்றால் வருஷந்தோறும் வருவது வரத்து. ஏரியில் வரத்து எவ்வளவோ அவ்வளவுக்கே பாசனம் என்று வைத்துக்கொள்ளும் ஊர் நிலைக்கும். குமரப்பாவின் பொருளாதாரம் முழுவதும் இந்த இருப்பு, வரத்து என்ற பாகுபாட்டின்மேல் நிற்கிறது. நிலக்கரிப் புகையால் பூமி சூடேறும் என்பதை அவர் காரணமாகக் காட்டவில்லை. யுத்தமும் வறுமையுமே அவருடைய காரணங்கள். எனினும் அவர் சென்ற பாதையில் சென்றால் நாம் இன்று தேடும் இடத்துக்கே வந்து சேருகிறோம்.

அவர் பிறந்த தஞ்சை மண்ணிலேயே இப்பாகுபாடு பின்னர் பெரும் வழக்காக எழுந்தது. காவிரி டெல்டாவின் வயல்களுக்கடியில் கிடக்கும் மீதேன் வாயுவை எடுக்கத் திட்டங்கள் வந்தன. குடியானவர்கள் வருஷக்கணக்கில் எதிர்த்தார்கள். 2020-ல் தமிழ்நாடு சட்டசபை தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களையும், கடலூர், புதுக்கோட்டை ஜில்லாக்களின் சில வட்டாரங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தது. முன்னரே நடந்துவந்த எண்ணெய்க் கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. 2023-ல் டெல்டாவைச் சேர்ந்த நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் ஏறி, கூக்குரல் எழுந்தபின் நீக்கப்பட்டன. இன்னதைச் செய்யாதே என்று நிலத்துக்கு வேலி போட நமக்குத் தெரிந்திருக்கிறது. வேலிக்குள் எதைச் செய்வது என்பதற்குத்தான் குமரப்பாவிடம் போக வேண்டியிருக்கிறது.

நிற்க. 1942-ல் யுத்தச் செலவுக்காகச் சர்க்கார் காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளியதைக் கண்டித்து அவர் எழுதிய வியாசம் ஆட்சியாளருக்குப் பொறுக்கவில்லை. ஆகஸ்டு இயக்கமும் சேர்ந்துகொள்ள, நீண்ட சிறைவாசம் கிடைத்தது. ஜபல்பூர்ச் சிறையில் இரண்டு புஸ்தகங்கள் எழுதினார். ஒன்று ஏசுநாதரின் போதனையையும் வாழ்க்கையையும் பற்றியது. மற்றொன்று 1945-ல் வெளியான நிலைத்த பொருளாதாரம். இரண்டுக்கும் மகாத்மாவே முன்னுரை எழுதினார்.

இரண்டாவது நூலில் வரும் சமநிலைப் பயிர்த்திட்டமே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். எந்தப் பயிர் அதிகப் பணம் தரும் என்று நாம் தொடங்குகிறோம். இவ்வட்டார மக்கள் என்ன உண்ண வேண்டும் என்று அவர் தொடங்கினார். லட்சம் பேர் கொண்ட ஒரு பிரதேசத்தை எடுத்துக்கொண்டார். ஆளுக்கு நாளொன்றுக்குத் தானியம் 16 அவுன்ஸ், பருப்பு 2 அவுன்ஸ், பால் 12 அவுன்ஸ். காய்கறி, கிழங்கு, பழம், வெல்லம், எண்ணெய் இவ்வளவிவ்வளவு. உடுக்க வருஷத்துக்குப் பன்னிரண்டரை ராத்தல் பஞ்சு. 16 அவுன்ஸ் என்பது இன்றைய அளவில் ஏறக்குறைய 450 கிராம். ஆளுக்கு இவ்வளவென்றால் லட்சம் பேருக்கு வருஷத்துக்குத் தானியம் மட்டும் மூன்று கோடியே அறுபத்தைந்து லட்சம் ராத்தல் வேண்டும். அதை விளைவிக்க எத்தனை ஏக்கர்? பருப்புக்கு எத்தனை? எண்ணெய் வித்துக்கு எத்தனை? இவ்வாறு பங்கிட்டு, சாகுபடி நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானதைத் தானியத்துக்கும், எஞ்சியதை மற்றவற்றுக்கும் ஒதுக்கினார். இத்தேவைகள் தீர்ந்தபின் மிஞ்சியதே வெளியூர் போகலாம்.

சாதாரணமாகத் தோன்றும் இக்கணக்கு எத்தனை பேருடைய நலன்களோடு மோதுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புகையிலைக்கு அதில் இடமில்லை. ஆலைக் கரும்புக்கு மிகச் சொற்ப இடம். மலையாளக் கரையில் நெல் விளைந்த நிலம் தென்னந்தோப்பாகி, தேங்காய் எண்ணெய் சோப்பு ஆலைக்குப் போய், ஜனங்கள் அரிசிக்கு வெளிநாட்டை எதிர்பார்த்து நின்றதை அவர் கடுமையாக எடுத்துக்காட்டினார். யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோது வங்காளத்தில் மடிந்த லட்சக்கணக்கானவர்களை நினைத்தால் அக்கடுமை அதிகமென்று தோன்றாது. கரும்புக்குப் பதில் அவர் சொன்னது பனை. பனைக்கு உழவு வேண்டாம், பாசனம் வேண்டாம், நல்ல நிலம் வேண்டாம். தரிசிலும் கரையிலும் தானே நிற்கிறது. பனைவெல்லம் பெருகினால் கரும்பு பிடித்துக்கொண்ட நன்செய் தானியத்துக்குத் திரும்பும். இதைத் திருநெல்வேலிக்காரருக்கோ ராமநாதபுரத்துக்காரருக்கோ விளக்கவேண்டியதில்லை. ஏறுவாரில்லாமல் நிற்கும் பனைகளையும், செங்கற்சூளைக்கு வெட்டப்பட்ட பனைகளையும் அவர்களே எண்ணிச் சொல்வார்கள்.

வாயுக் கணக்கில் இத்திட்டத்தின் பயன் என்ன என்று இன்றைய வாசகர் கேட்கலாம். விளைந்த இடத்துக்கருகில் உண்ணப்படும் தானியம் லாரி ஏறாது. பருப்புப் பயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்து மண்ணுக்குத் தருவதால் யூரியா குறையும். யூரியா இயற்கை எரிவாயுவைக் கொண்டு செய்யப்படுவது. வயலில் மிகுதியாக இட்டால் கரியமில வாயுவைக் காட்டிலும் பன்மடங்கு வெப்பம் பிடிக்கும் நைட்ரஸ் ஆக்ஸைடாக ஒரு பகுதி மேலெழுவது. குப்பையையும் மலத்தையும் மக்கவைத்து எருவாக்க வேண்டுமென்று அவர் ஓயாமல் சொன்னது இவ்விடத்தில் பொருந்துகிறது. காடுகளைச் சர்க்கார் வருமானத்துக்காக நிர்வகிப்பது தவறென்றும், ஜனங்களின் தேவையையும் நீண்டகாலப் பாதுகாப்பையும் கருதித் திட்டமிட வேண்டுமென்றும் அவர் எழுதினார்.

ஆனால் அவர் சொன்ன யாவற்றையும் அப்படியே ஏற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எருது சாணம் தரும், டிராக்டர் புகையே தரும் என்பது அவர் வாதம். மாடு அசைபோடும்போது வெளிவரும் மீதேனும், நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து எழும் மீதேனும் பூமியைச் சூடாக்குகின்றன என்பதை இன்றைய விஞ்ஞானம் கண்டிருக்கிறது. ஆகவே எருதும் நெல்லும் குற்றமற்றவை என்று விட்டுவிட இயலாது. எனினும் பரிகாரம் கைக்கெட்டாததன்று. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் விடும் பழக்கம் நம் குடியானவர் அறிந்தது. அதனால் மீதேன் குறையும், நீரும் மிஞ்சும். இன்னின்ன நிலத்தில் இன்ன பயிர்தான் என்று லைசென்ஸ் கொடுக்கும் யோசனை அவருடைய திட்டத்தில் இருப்பதும் நமக்குச் சம்மதமில்லை. கூட்டுறவுச் சங்கங்கள் அதன் நடுவில் நின்று வேலை செய்யும் என்று அவர் நம்பினார். லைசென்ஸ் என்ற காகிதம் நம் நாட்டில் யார் கையில் என்ன விலைக்குப் போகும் என்பதைச் சுதந்திரத்துக்குப் பிந்திய அனுபவம் காட்டிவிட்டது. பருப்பு விளைப்பவனுக்கு நெல் விளைப்பவனைப்போல நிச்சயமான விலையும் கொள்முதலும் கொடுத்தாலே கட்டாயத்தில் பாதி அநாவசியமாகும் என்பது நமது அபிப்பிராயம்.

இக்கணக்கைப் போட அதிகாரம் இல்லாமலும் இல்லை. 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் பஞ்சாயத்துக்களுக்கு ஒப்படைக்கத்தக்கவை என்று 29 விஷயங்களைப் பட்டியலிட்டது. விவசாயம், நில அபிவிருத்தி, சிறு பாசனம், சமூகக் காடு, விறகும் தீவனமும், மரபு சாரா எரிசக்தி யாவும் அதில் அடங்கும். 2015 முதல் ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் அபிவிருத்தித் திட்டத்தைத் தானே வகுக்க வேண்டுமென்ற ஏற்பாடும் உண்டு. ரோடும் சாக்கடையும் தெருவிளக்கும் திட்டத்தில் ஏறிவிடுகின்றன. ஊருக்குப் பருப்பு எத்தனை ஏக்கரில் விளைய வேண்டும் என்று கேட்டுக் கூடிய கிராம சபை எங்கேனும் இருந்தால் அதற்கு நமது வந்தனம்.

குமரப்பாவின் குரல் டில்லியில் எடுபடவில்லை. 1938-ல் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் கமிட்டியில் சேர்ந்த சில மாதங்களில், பெரிய ஆலைகளைத் தவிர வேறு பேச்சில்லை என்று கண்டு விலகினார். மத்திய மாகாணத்தில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1939-ல் அளித்த அறிக்கை, மந்திரிசபை ராஜிநாமா செய்ததால் கிடப்பில் விழுந்தது. சுதந்திரத்துக்குப் பின் காங்கிரஸ் நியமித்த விவசாயச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவரே தலைவர். 1949-ல் வெளியான அதன் அறிக்கை, நிலத்துக்கும் உழுபவனுக்கும் இடையே எவனும் இருக்கலாகாது என்றது. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தின் மும்மடங்கே உச்சவரம்பு என்றது. விதவைகள், மைனர்கள், அங்கவீனர்கள் நீங்கலாக மற்றவர் நிலத்தைக் குத்தகைக்கு விடலாகாது என்றும், ஆறு வருஷம் தொடர்ந்து உழுதவனுக்கு நிலைத்த உரிமை வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. நிலத்தைத் திட்டமிடுவதற்கும் நிலம் யாருடையது என்பதற்கும் சம்பந்தமில்லை என்போருக்கு இதுவே பதில். அடுத்த வருஷம் வெளியேற்றப்படுவோமோ என்று அஞ்சும் குத்தகைதாரன் கரையில் மரம் நடமாட்டான். மண்ணுக்கு எருவும் சேர்க்கமாட்டான். அச்சிபாரிசுகளில் பலவற்றைப் பிற்காலச் சட்டங்கள் பெயரளவில் ஏற்றன. விலக்குகள் வழியே நிலம் நழுவிப்போயிற்று.

வார்தாவை அடுத்த ஸேல்டோவில் பண்ணை ஆசிரமம் என்று தமிழ்ப் பெயரிட்டு ஒரு விவசாயப் பரிசோதனையைச் சிறிது காலம் நடத்தினார். இரத்த அழுத்தம் உடலை வாட்டவே, மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். விவாகம் செய்துகொள்ளாதவர், சொத்து என்று சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய குடிலில் மாட்டியிருந்த படம் ஓர் ஏழைக் குடியானவனுடையது. அது யார் என்று கேட்டவர்களுக்கு, தம் எஜமானருக்கு எஜமானர் என்று விடை சொல்வார். எஜமானர் மகாத்மா, அவருக்கும் மேலே அந்தக் குடியானவன்.

1960-ம் வருஷம் ஜனவரி மாதம் 30-ந் தேதி, மகாத்மா மறைந்த அதே தேதியில், குமரப்பா சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 68.